கடைசி ஸீட்டில் சும்மாசாமி

டெக்ஸாஸ் மாநிலத்தில் யாரும் வளர்க்காமலேயே பெருகிவரும் உயிரினங்கள் இரண்டு. ஒன்று, ஃப்ரீவே ஓரத்தில் கார் வெளிச்சத்தைக் கண்டு திகைத்து நிற்கும், முதுகில் ஓடு போர்த்திய அர்மடில்லோ. இன்னொன்று, சும்மாசாமி. முன்னது யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

சும்மாசாமியை அடையாளம் காணப் பெரிய படிப்பு வேண்டாம். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, ஒழுங்காக உள்ளே செருகியிருக்கும். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். அவற்றால் அவருக்கு வேலை இல்லை. பையில் ஒரு பேனா, எழுத அல்ல, சுட்டிக்காட்ட. நீங்கள் வெயிலில் புல் வெட்டிக்கொண்டிருப்பீர்கள், அல்லது கொல்லையில் கரி அடுப்புமுன் நின்று கோழிக்கால்களைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள், அல்லது வீடு மாறுகிற அவசரத்தில் வாடகை லாரியை ரிவர்ஸில் எடுத்துக்கொண்டு, ஒரு கண்ணாடியில் தபால் பெட்டியையும் மறு கண்ணாடியில் மனைவியின் முகத்தையும் பார்த்தபடி கடவுளை வேண்டிக்கொண்டிருப்பீர்கள். அப்போது உங்கள் இடது காதருகே ஒரு தொண்டை கனைக்கும்.

“சும்மா ஒரு சஜஷன்…”

போச்சு. தபால் பெட்டி காலி.

அந்தச் சொல்லைத்தான் பாருங்களேன். தமிழில் அதைவிடச் சோம்பேறியான சொல் கிடையாது. அதைவிட உழைப்பாளியான சொல்லும் கிடையாது. ‘சும்மா இரு’ என்றால் வாயை மூடு. ‘சும்மா கொடுத்தான்’ என்றால் இலவசம். ‘சும்மா சொன்னேன்’ என்றால் பொய். ‘சும்மா சும்மா’ என்றால் ஓயாமல். ஒருவர் வாசலில் நின்று ‘சும்மாதான் வந்தேன்’ என்றால் ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறார், காபி போட்டாக வேண்டும். இத்தனை வேலையையும் ஒரு சொல் தூக்கிச் சுமக்க, அதைச் சொல்பவர் மட்டும் எதையும் தூக்குவதில்லை.

உதாரணத்துக்கு நம் குமாரசாமி. கோபிசெட்டிபாளையத்துக்காரர்; ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் வீடு; பூமிக்கடியில் எண்ணெய்க் குழாய் பதிக்கும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஆபீஸில் அவரிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. வாரம் முழுக்கச் சேர்ந்துபோன யோசனைகள் சனிக்கிழமை காலையில் அவரை வீட்டைவிட்டு வெளியே தள்ளும். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் நாடகத்தில் அவர் சஜஷன்படி சோழ ராஜா செல்போனில் தளபதியைக் கூப்பிட, தளபதியின் போன் நிஜமாகவே அடித்து, தளபதியின் மனைவி பால் வாங்கி வரச் சொன்னதற்குப் பிறகு, சங்கம் அவருக்கு ‘கௌரவ ஆலோசகர்’ என்று பட்டம் கொடுத்துவிட்டு, கூட்டம் நடக்கும் தேதிகளைச் சொல்வதை நிறுத்திவிட்டது.

அதற்காக அவர் தன்னைப்பற்றி ஏதும் சந்தேகப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? சும்மாசாமிகள் சந்தேகப்படுவதெல்லாம் மற்ற சும்மாசாமிகளைத்தான். டாலஸ் பக்கத்துப் பிளானோவில் இருக்கும் திருமூர்த்தி ஞாயிறுதோறும் போன் செய்து இவருக்கு யோசனை சொல்வார். போனை வைத்ததும் குமாரசாமி மனைவியிடம் அலுத்துக்கொள்வார்: “இந்தத் திருமூர்த்தி இருக்கறானே சாந்தா, வாயத் தொறந்தா மூடமாட்டீங்கறான். நாம கேட்டமா, அவனுக்கு என்ன வந்துச்சு?”

சாந்தாமணி டேகேர் ஒன்றில் வேலை பார்ப்பவர். பகலெல்லாம் பச்சைக் குழந்தைகளைச் சமாளித்துவிட்டு வருகிறவருக்கு முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பயிற்சி உண்டு. “ஆமாங்க,” என்பார்.

இப்படிச் சங்கமும் கைவிட்டு, யோசனை சொல்ல ஆளில்லாமல் குமாரசாமி வாடிக்கொண்டிருந்த தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துக் கோடையில்தான் பக்கத்து வீட்டுக்கு ஒபின்னா குடிவந்தான்.

ஒபின்னா ஆப்பிரிக்காவின் லேகோஸ் நகரத்துக்காரன். பகலில் ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் ரத்தம் சோதிப்பான். சனி, ஞாயிறு வந்தால் கராஜைத் திறந்து வைத்துக்கொண்டு காமிக்ஸ் வரைவான். அவன் தனி ஆள் அல்ல. லேகோஸில் ஒருவன் பென்சிலில் வரைந்து கூரியரில் அனுப்புவான். ஆப்பிரிக்காவின் இன்னொரு ஊரான அக்ராவில் ஒருத்தி ஈமெயிலில் வசனம் அனுப்புவாள். டாலஸ் பக்கத்தில் படிக்கும் வம்புய் என்ற நைரோபிப் பெண், பின் ஸீட்டில் கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி பெல்ட் போட்டு உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வந்து, அந்தப் படங்களை அசையவைப்பாள். இப்படி ஒரு கூட்டமே அங்கங்கே முளைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் போட்ட புத்தகங்கள் சர்ச் ஹாலில் விற்கும், ஆப்பிரிக்க மளிகைக் கடையில் சேனைக்கும் கருவாட்டுக்கும் நடுவில் விற்கும், பெண்கள் மணிக்கணக்காக உட்கார்ந்து சடை பின்னிக்கொள்ளும் கடையில் இன்னும் நன்றாக விற்கும். ‘ஆப்பிரிக்காவிலிருந்து காமிக்ஸா?’ என்று புருவத்தைத் தூக்குகிறவர்களிடம் அவர்கள் விவாதிப்பதில்லை; ஒரு பிரதியை நீட்டிவிடுவார்கள்.

அந்த வருஷம்தான் ஏர்போர்ட் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நடக்கும் பெரிய காமிக்ஸ் திருவிழாவில் முதல்முறையாக அவர்களுக்கு ஒரு மேஜை கிடைத்திருந்தது. வருஷக்கணக்காக எழுதிக் கேட்டு, யாரோ கடைசி நேரத்தில் விலகியதால் கிடைத்த மேஜை. அதில் வைக்கப் புதுப் புத்தகம் வேண்டும். அடுத்த மாசம் குறித்துவைத்த ஒரு திங்கட்கிழமை பிரஸ்ஸுக்குப் போனால்தான் திருவிழாவுக்கு வரும். போகாவிட்டால் மேஜையில் வெறும் விரிப்புதான். அடுத்த வருஷம் மேஜையே இருக்காது.

கதை என்ன தெரியுமா? லேகோஸில் ஓடும் மஞ்சள் மினிபஸ் ஒன்றில் தொங்கிக்கொண்டு வரும் கண்டக்டர் பெண், அடா. அவள் எந்த ஸ்டாப்பின் பெயரைக் கூவுகிறாளோ அங்கே பஸ் போய்விடும். ‘நேற்று’ என்று கூவினால் நேற்றைக்கே போய்விடும். எல்லாம் அருமையாக வந்திருந்தது. வில்லன்தான் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட பஸ்ஸை யாரால் நிறுத்த முடியும்? பூதம் வரைந்தார்கள், பஸ் தாண்டிப் போய்விட்டது. நெருப்பு கக்கும் ரோபோ வரைந்தார்கள். அடா அதற்கும் டிக்கெட் கொடுத்துவிட்டாள். கடைசிப் பக்கங்கள் வெள்ளையாகக் கிடந்தன.

குமாரசாமி ஒரு சனிக்கிழமை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். ஒருவன் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறான். அவனுக்கு யோசனை சொல்ல ஒருவர்கூட இல்லை. அவர் மனம் எப்படித் தாங்கும்?

இனிக் கராஜில் நடக்கும் பேச்செல்லாம் ஆங்கிலம். ஆனால் குமாரசாமியின் ஆங்கிலத்துக்கு அடியில் ஓடுவது கோபித் தமிழ்தான் என்பதால் எல்லாவற்றையும் தமிழிலேயே தந்துவிடுகிறேன். ‘சும்மா’ மட்டும் அவர் எந்த மொழி பேசினாலும் ‘சும்மா’வாகவே வரும்.

“சும்மா வந்தேன். நான் குமாரசாமி. பக்கத்து வீடு.”

ஒபின்னா எழுந்து நின்றான். “வாங்க, அங்கிள்! நான் ஒபின்னா.”

இங்கேதான் விபத்து நடந்தது. அமெரிக்கனாக இருந்தால் ‘தேங்க்ஸ், பிஸியா இருக்கேன்’ என்று சிரித்தபடியே கராஜ் கதவை இறக்கியிருப்பான். லேகோஸிலோ, நம்மூர் மாதிரியே, நரைத்தவர்கள் எல்லோரும் அங்கிள்; அங்கிள் நிற்கும்போது உட்காரக்கூடாது; அங்கிள் சொன்னால் முடியாது என்று சொல்லக்கூடாது. சும்மாசாமிக்கு இதைவிடச் செழிப்பான மண் எங்கே கிடைக்கும்?

பேனா வெளியே வந்தது. ஒபின்னா அவர் வாயில் ஒபியண்ணா ஆனான்.

“சும்மா ஒரு சஜஷன், ஒபியண்ணா. இந்தப் பொண்ணு பேரென்ன?”

“அடா, அங்கிள். எங்க பக்கம் மூத்த பொண்ணுக்கு வைக்கிற பேரு.”

“அய்யய்யோ. எங்க பாஷையில அது ஆம்பளப் பசங்கள அதட்டற வார்த்தை. ‘அடி’ன்னு வெச்சாலாவது பரவால்ல. சரி, பேரை விடு. இத்தனை கெட்டிக்காரப் புள்ளய எதுக்குக் கண்டக்டர் ஆக்குன? டாக்டராக்கு.”

“பஸ்ல டாக்டர் என்ன பண்ணுவாங்க, அங்கிள்?”

“அப்ப பார்ட்-டைம் கண்டக்டர். நைட்ல படிக்கறா. சும்மா ஒரு புஸ்தகத்தைக் கையில குடுத்துரு, போதும்.”

அங்கிள் சொல்லிவிட்டார். ஒபின்னா அத்தனை பக்கத்திலும் அடாவின் கையில் தடித்த புத்தகம் ஒன்றை வரைந்தான். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் டிக்கெட், பிறகு எதைப் பிடித்துத் தொங்குவாள்? அதனால் பஸ்ஸுக்குப் படி அகலமாயிற்று. மறு சனிக்கிழமை படி அகலமானதால் பின்பக்கம் இன்னொரு கதவு வந்தது. அதற்கு மறு வாரம் கூரைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. ரெண்டாயிரத்தில் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று ஊரே குடிநீர் சேர்த்துக்கொண்டிருந்த காலம், அடாவுக்கு மட்டும் வேண்டாமா?

பிரஸ்ஸுக்குப் போக வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின வாரம் குமாரசாமி தம் வாழ்க்கையின் சிகரத்தைத் தொட்டார்.

“எல்லாம் இருக்குது, ஒண்ணு மட்டும் இல்ல. சும்மா சொல்றேன், தப்பா நெனைக்காத. இது ஆப்பிரிக்கான்னு பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு சிங்கத்தைப் போடு.”

ஒபின்னா பென்சிலைக் கீழே வைத்தான். “அங்கிள், லேகோஸ்ல சிங்கம் கெடையாது. ட்ராஃபிக்தான் உண்டு. நான் முதல்முதலா சிங்கத்தைப் பார்த்ததே இந்த ஹூஸ்டன் ஜூவுலதான்.”

“அதனால என்ன? சும்மா ஓரமா நிக்கட்டும்.”

சிங்கம் ஏறியது. ஓரமாக நிற்கிற சிங்கத்துக்கு ஸீட் வேண்டும் என்று, அதற்கும் ஒரு ஸீட்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆபீஸிலிருந்து குமாரசாமி காரை விட்டு இறங்கும்போதே முகம் சிவந்திருந்தது.

“என்னங்க ஆச்சு?” என்றார் சாந்தாமணி.

“அந்த மானேஜருக்கு என்ன திமிரு பாரு சாந்தா! இந்தியா ப்ராஜெக்ட்டுக்கு மாசக்கணக்கா உக்காந்து நான் ப்ரெசன்டேஷன் ரெடி பண்ணியிருக்கேன். எல்லாத்தையும் பாத்துட்டு, ‘ஜஸ்ட் ஒரு யானைப் படம் போடு, அப்பதான் இந்தியான்னு தெரியும்’ங்கறான். யானை! குழாய் பதிக்கற ப்ராஜெக்ட்டுல! நான் யானையப் பாத்ததே கோயில் திருவிழாவுலதான்!”

“அப்பறம்?”

“போட்டேன். என்ன பண்றது, மானேஜராச்சே.”

“ஏனுங்க, அந்தத் தம்பி பஸ்ல நீங்க ஏத்துன சிங்கம்…”

“அது வேற.”

“எப்பிடிங்க வேற?”

“அது சும்மா சொன்னது!”

சாந்தாமணி முகத்தில் எதையும் காட்டவில்லை. மறுநாள் காலையில் குமாரசாமி எண்ணெய் மாற்றக் காரை எடுத்துக்கொண்டு போனதும், ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டையைப் போட்டுக்கொண்டு நேரே பக்கத்துக் கராஜுக்குப் போனார்.

அங்கே துக்க வீடு மாதிரி இருந்தது. வம்புய் டாலஸிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். கம்ப்யூட்டர் திரையில், இரண்டு கதவும் தண்ணீர்த் தொட்டியும் சுமந்த மஞ்சள் பஸ் ஒன்று ஓடப் பார்த்து, முடியாமல், ஒரே இடத்தில் உதறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் சிங்கம்.

“ஒபின்னா, உங்க ஊர் பஸ்ல சிங்கத்துக்கு என்ன வேலை?”

“அங்கிள் சொன்னாரு.”

“நான் நைரோபி. எங்க ஊருக்குப் பக்கத்துலயே சிங்கம் இருக்கு. நானே என் கதையில சிங்கத்தைப் போடல! இப்ப பஸ் நகரல, வில்லன் இல்ல, திங்கட்கிழமை பிரஸ். அந்த மேஜையில என்னத்த வைக்கப் போறோம், உன் அங்கிளையா?”

சாந்தாமணியைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றார்கள். எள்ளுருண்டை பாதி காலியானதும் ஒபின்னா தயங்கித் தயங்கிக் கேட்டான்:

“ஆன்ட்டி, ‘சும்மா’ன்னா என்ன? அங்கிள் எப்பவும் அதைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கிறாரு. ஏதாவது பிரார்த்தனையா?”

சாந்தாமணி யோசித்தார். தம்முடைய டேகேர் ஆங்கிலத்தில் சொன்னார்: “சும்மா மீன்ஸ் நத்திங், தம்பி.”

“நத்திங்கா?”

“நத்திங். ஃப்ரீ. நோ ரீஸன். பட் வென் யுவர் அங்கிள் சேஸ் சும்மா, மினிமம் டூ அவர்ஸ்.”

வம்புய் எள்ளுருண்டை தொண்டையில் சிக்கி இருமினாள்.

“கீப் கொயட்டுன்னு சொல்றதுக்கும் சும்மாதான். அகெய்ன் அண்ட் அகெய்ன்னாலும் சும்மாதான். வேலவெட்டி இல்லாம உக்காந்திருந்தாலும் சும்மாதான்.”

“அப்போ நான் பார்த்த சிங்கமும் சும்மாதான்,” என்றாள் வம்புய். “ஸ்கூல் பஸ்லேர்ந்து பார்த்தோம். புல்லுல படுத்துக் கெடந்துச்சு. கொட்டாவிகூட விடல.”

ஒபின்னா மட்டும் சிரிக்கவில்லை. உதறிக்கொண்டிருந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எந்தப் பூதத்தாலயும் நிறுத்த முடியாத பஸ்,” என்றான் மெல்ல. “இது நின்னுபோச்சே. எப்படி நின்னுச்சு?”

பென்சிலை எடுத்தான். கடைசி ஸீட்டில் ஒரு பயணி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எழுந்து நிற்கிறார். அவர் யாரையும் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. ‘சும்மா…’ என்று ஆரம்பித்து அன்பாக ஒரு யோசனை சொல்கிறார், பஸ்ஸில் ஏதாவது ஒன்று கூடிவிடுகிறது. ஒரு கதவு, ஒரு தொட்டி, ஒரு சிங்கம். கடைசியில் பஸ் நின்றுவிடுகிறது. இத்தனை நாள் வரைந்த கதவும் தொட்டியும் சிங்கமும் ஒன்றுகூட வீணாகவில்லை. எல்லாம் வில்லன் செய்த வேலை ஆயிற்று! அடாவிடம் ஒரே வழிதான் இருக்கிறது. அவள் அந்தத் தடிப் புத்தகத்தை ஜன்னல் வழியே வீசிவிட்டு, கம்பியைப் பிடித்து வெளியே தொங்கி, அவரிடம் டிக்கெட் கேட்கிறாள். பெரியவரிடம் டிக்கெட் இல்லை. சும்மா ஏறியவர். தொட்டியோடும் சிங்கத்தோடும் அங்கேயே இறங்கிவிடுகிறார், கொஞ்சமும் கோபமில்லாமல். பஸ் கிளம்பிவிடுகிறது.

“ஆன்ட்டி, அங்கிள் வருத்தப்படுவாரா?” ஒபின்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. “நீங்க வேண்டாம்னா கிழிச்சுடறேன்.”

சாந்தாமணி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, “சும்மா ஒரு சஜஷன்,” என்று ஆரம்பித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம், பரவாயில்லை என்று கையை எடுத்துவிட்டு முடித்தார்: “பாக்கெட்ல பேனா.”

புத்தகம் திங்கட்கிழமை பிரஸ்ஸுக்குப் போயிற்று. புத்தகம் வந்துவிடும், மேஜை நிறையும். ஆனால் பக்கத்து வீடு? அங்கிளுக்குத் தெரிந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன ஆகும்? அந்தக் கவலை மட்டும் ஒபின்னாவின் நெஞ்சில் திருவிழா வரைக்கும் உட்கார்ந்திருந்தது.

திருவிழா அன்று ஹோட்டல் ஹாலில், பிடித்த காமிக்ஸ் ஆசாமிகளாக வேஷம் போட்டுக்கொண்டு, சிறகு முளைத்தவர்கள், இரும்புச் சட்டை போட்டவர்கள், முகத்தில் பச்சைச் சாயம் பூசியவர்கள் எல்லாம் உலாவிக்கொண்டிருந்தார்கள். மூலையிலிருந்த ஆப்பிரிக்க மேஜையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வம்புய் வைத்த திரையில், தொட்டி இறங்கிய மஞ்சள் பஸ் யாருக்கும் தெரியாமல் பறந்து பறந்து ஓடிக்கொண்டிருந்தது. குமாரசாமி மனைவியோடு வந்தார். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, பேனா, பின்னால் கட்டிய கை. புத்தகத்தை எடுத்து நின்றபடியே படித்தார்.

ஒபின்னா ஏற்கெனவே அடுக்கியிருந்த பிரதிகளை மறுபடி அடுக்கினான். சாந்தாமணி ஹாலின் கூரையைப் பார்த்தார்.

குமாரசாமியின் தோள்கள் முதலில் குலுங்கின. பிறகு வயிறு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “சாந்தா! இது யாருன்னு தெரியுதா உனக்கு?”

“யாருங்க?”

“நம்ம திருமூர்த்தி! அப்படியே உரிச்சு வெச்சிருக்கானே! ஒபியண்ணா, பிளானோவுல இருக்கறவன உனக்கு எப்படித் தெரியும்?”

அப்போது திரையில் ‘சும்மா…’ என்ற எழுத்தோடு அந்த வில்லன் எழுந்து நின்றார். பச்சைச் சாயம் பூசிய பையன் ஒருவன் திரையைப் பார்த்தான், குமாரசாமியைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். ஓடி வந்தான்.

“சார்! ஆர் யூ சும்மா?”

குமாரசாமிக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பையன் தமிழில் விசாரிக்கிறான்! மார்பை நிமிர்த்திப் பதில் சொன்னார்: “யெஸ், யெஸ்! ஐ கேம் சும்மா!”

“இட்ஸ் ஹிம்!” என்று கத்தினான் பையன்.

அவ்வளவுதான். சிறகுகள் வந்தன, இரும்புச் சட்டைகள் வந்தன, மேஜைமுன் வரிசை நின்றது. இத்தனை அச்சாக வேஷம் போட்ட ஆளை அந்த ஹாலில் யாரும் பார்த்ததில்லை. குமாரசாமி வாழ்க்கையில் முதல்முறையாகப் பேனாவை எழுதுவதற்குப் பயன்படுத்தினார். ஒவ்வொரு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார், ஒவ்வொருவருக்கும் அவரவர் வேஷத்தைப் பற்றிச் சும்மா ஒரு சஜஷன் சொன்னார். அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் மேஜையில் விரிப்புதான் மிச்சம். விழா நடத்துகிறவர் வந்து, அடுத்த வருஷம் வாசலுக்கு நேரே பெரிய மேஜையாகத் தருகிறேன், ஆனால் இவரும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அங்கிள் இல்லாம எப்படி?” என்றாள் வம்புய்.

ஒரு பிரதியைக் குமாரசாமி பிளானோவுக்குத் தபாலில் அனுப்பினார், திருமூர்த்திக்குப் புத்தி வரட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. திருமூர்த்தி சிரித்துக்கொண்டே இருந்தாராம். “எவனோ ஒரு ஆள அச்சா புடிச்சிருக்கானுங்க, குமாரசாமி! யாருன்னு நான் சொல்லமாட்டேன், உனக்கே தெரியும். ஆனா சும்மா ஒண்ணு சொல்றேன்… அந்தச் சிங்கத்தை எறக்கியிருக்க வேண்டாம்.”

நீங்களும் இத்தனை நேரம் சிரித்தபடி படித்தீர்கள். உங்களுக்கும் ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்குமே? மைத்துனர், மானேஜர், எதிர்வீட்டுக்காரர்? நல்லது. இதை வெட்டி அவருக்கு அனுப்பிவையுங்கள். அவரும் சிரிப்பார், அவருக்கு உங்கள் முகம் நினைவுக்கு வரும்.

என்ன, ஏதோ சொல்ல வாயெடுக்கிறீர்கள்? நீளம் கொஞ்சம் ஜாஸ்தி, சோழ ராஜாவை எடுத்துவிட்டிருக்கலாம், அர்மடில்லோவை இன்னொரு தரம் கொண்டுவந்திருக்கலாம் என்றா? சும்மாதானே சொல்கிறீர்கள்? தெரியும். ஏறிக்கொள்ளுங்கள். கடைசி ஸீட் காலியாகத்தான் இருக்கிறது.